சேசிஸ் மட்டும்

எண்ணூர் உப்பளத்தை விட்டு நடந்துகொண்டிருந்தேன். பாத்தியில் நின்று நின்று பாதம் வெடித்துப் போயிருந்தது. மேஸ்திரியிடம் சொல்லாமலே கிளம்பிவிட்டேன். திருவொற்றியூர் தாண்டி, ராயபுரம் கல்மண்டபம் வந்தபோது வெயில் ஏறிவிட்டது. ஒரு மோட்டார் பட்டறையில் தண்ணீர் கேட்டேன்.

பட்டறை வாசலில் ஒரு பழைய லாரி நின்றது. பக்கத்தில் மூன்று பேர். ஒருவர் பட்டறைக்காரர், எல்லோரும் அவரை பாய் என்றார்கள். இன்னொருவர் லாரியை விற்க வந்த தரகர். மூன்றாமவர் துறைமுகத்திலிருந்து மூட்டை ஏற்றும் மாட்டுவண்டிக்காரர். லாரி வைத்திருப்பவனுக்குத்தான் இனி சரக்கு என்று கிடங்கில் சொல்லிவிட்டார்களாம். நான்கு மாடுகளையும் விற்று முன்பணத்தோடு வந்திருந்தார். மீதியை மாதத் தவணையில் கட்ட வேண்டும். தவணை தவறினால் லாரியைப் பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள். பிறகு அவரிடம் மாடும் இருக்காது, லாரியும் இருக்காது.

தரகர் நீட்டிய காகிதம் முழுக்க இங்கிலீஷ். வண்டிக்காரர் என்னைப் பார்த்தார்.

"இன்னா நைனா, இங்கிலீசு படிப்பியா?"

"அஞ்சாவது வரைக்கும் படிச்சேன்."

"அது போதும். இதுல இன்னா எழுதிக்கீதுன்னு சொல்லு."

எழுத்துக்கூட்டிப் படித்தேன். சேசிஸ் ஒன்று, எஞ்சின் ஒன்று, அப்புறம் வேறு சொற்கள். அர்த்தம் கேட்டார். சேசிஸ் என்றால் லாரிதான் என்று சொல்லிவிட்டேன். அந்தச் சொல்லை அதற்கு முன் நான் பார்த்ததே இல்லை. தெரியாது என்று சொல்ல வெட்கமாக இருந்தது, அவ்வளவுதான்.

அவர் மையில் கட்டைவிரலை வைத்தார். அப்போதுதான் எனக்குப் பயம் வந்தது.

"பெரியவரே, நில்லுங்க. நான் சொன்னது நிஜமான்னு எனக்குத் தெரியாது."

பாய் சிரித்துவிட்டார். "எழுத்து தெரியுது, சாமான் தெரியல! நீ படி, நான் தொட்டுக் காட்டறேன்."

ஒவ்வொரு சொல்லாகப் படித்தேன். ரேடியேட்டர் என்றதும் முன்னாலிருந்த தண்ணீர்த் தொட்டியை ஸ்பேனரால் தட்டினார். மேக்னெட்டோ என்றதும் எஞ்சினுக்குப் பக்கத்தில், தீப்பொறி கொடுக்கும் ஓர் உருண்டையைத் தொட்டார். சேசிஸ் என்றதும் குனிந்து, அடியில் நீளமாக ஓடிய இரண்டு இரும்புச் சட்டங்களைக் காட்டினார்.

"லாரி இந்தக் காலு மேல நிக்குது. இதான் சேசிஸ்."

காகிதம் முடிந்தது. சட்டத்தின் மேலே இருந்த, மூட்டை வைக்கும் மரப்பெட்டியை மட்டும் பாய் தொடவே இல்லை.

"காயிதத்துல பாடி எங்கப்பா?" என்றார் வண்டிக்காரர்.

தரகர் அலட்டிக்கொள்ளவில்லை. "பாடி பழைய ஓனருது, மாமு. அவரோட புது லாரிக்கு மாத்திக்குவாரு. சேசிஸ்னாலே அவ்ளோதான். ஊருக்கே தெரியும்."

அது பொய்யில்லை. அப்போதெல்லாம் புது லாரியே அடிச்சட்டமும் எஞ்சினுமாகத்தான் வரும். மூட்டை வைக்கும் பெட்டியை இங்கே தச்சர்கள் கட்டுவார்கள். மோட்டார் விற்கிறவர்களுக்குத் தெரிந்த அது, மாடு வாங்கிப் பழகியவருக்குத் தெரிந்திருக்கவில்லை.

வண்டிக்காரர் சண்டைக்குப் போவார் என்று நினைத்தேன். அவர் தோள்துண்டை எடுத்தார்.

"மாட்ட வித்தவன் மூக்குக்கவுத்த அவுத்துக்கினு போவான். புதுக்கவுறு வாங்கறவந்தான் கொண்டாரணும். அதானே? செரி. ஆனா கவுறு இல்லாத மாட்டுக்கு, கவுறையும் சேத்து வெல சொன்னா எப்டி? கைய குடு."

சந்தையில் மாட்டுக்கு விலை பேசுகிற மாதிரி இருவர் கைக்கும் மேலே துண்டைப் போட்டார். உள்ளே விரல்கள் பேசிக்கொண்டன. தரகர் முதலில் சிரித்தார். பிறகு சிரிக்கவில்லை.

"இன்னா மாமு, வவுத்துல அடிக்கிற!"

"உன் வவுறு தாங்கும். நாளைக்கு நான் தவண கட்டணும்ல?"

எவ்வளவு குறைந்தது என்று யாரும் சொல்லவில்லை. தரகர் பழைய தொகையை அடித்துவிட்டுப் புதிதாக எழுதினார். என்னைப் படிக்கச் சொன்னார்கள். எண்கள் எனக்கு நன்றாகவே தெரியும், படித்தேன். வண்டிக்காரர் விரலைப் பதித்தார்.

பெட்டியில்லாத லாரியில் மூட்டை ஏற்ற முடியாது. முதல் தவணைக்குள் புதுப் பெட்டியைச் செய்தாக வேண்டும். துண்டை உதறிக்கொண்டே என்னைக் கேட்டார், "மரம் அறுப்பியா?"

அறுத்ததில்லை என்றேன். இந்த முறை உண்மையைச் சொன்னேன்.

"கீழ நின்னு இழுக்கறதுக்கு இன்னா தெரியணும்? காலைல வா."

மறுநாள் காலையில் மரவாடியில் கட்டைக்கு அடியில் தோண்டியிருந்த குழிக்குள் இறங்கி, மேலே ஒருவரும் கீழே ஒருவருமாக இழுக்கும் பெரிய ரம்பத்தின் கீழ்ப்பிடியைப் பிடித்தேன்.