எல்லோருக்கும் கண்ணில்தான் கோளாறு!

“சேர்ந்தே வந்தால் என்ன?” இந்த யோசனை பளிச்சென்று வந்தது, இன்றைக்குப் புதுச்சேரியில் ஒரு மனநல டாக்டரின் வெயிட்டிங் ஹாலில்.

அங்கே எனக்கென்ன வேலை? ஏடிஹெச்டி, அதாவது கவனம் சிதறும் கோளாறு! நானே கண்டுபிடித்தது, ரீல்ஸ் உபயத்தில். சாவியை மறந்தால் ஏடிஹெச்டி, செருப்பை நேராக வைத்தால் ஓசிடி, அத்தை திட்டினால் ட்ராமா... எங்கள் வாட்ஸ்அப் குரூப்பில் வியாதி இல்லாத ஆளே கிடையாது.

டாக்டரம்மா சிரித்தார். “ரீல்ஸ்ல பேரு வெச்சாச்சா? முதல்ல நாம பேசுவோம்மா. பேரு தேவைப்பட்டா அப்புறம் வெப்போம்.” மறுபடி வரச் சொன்னார்.

அறையிலிருந்து ஹாலுக்கு வந்தால் — எங்கள் தெரு செல்வி அக்கா! மரக்காணம் உப்பளத்தில் உப்பு சுமப்பவள். என்னைப் பார்த்ததும் அப்படியே திரும்பி நடந்தாள். ஓடிப்போய்ப் பிடித்தேன்.

“கண்ணு டாக்டர் எங்கன்னு கேக்கலாம்னு வந்தேம்மா...”

ஊரில் அவள் சொல்லிவிட்டு வந்ததும் அதுதான். யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். வெயிலில் வெள்ளை உப்பைப் பார்த்துப் பார்த்து அங்கே எல்லோருக்கும் கண் கூசும். பொய் சொல்வதற்கு இதைவிடத் தோதான உறுப்பு உண்டா?

அப்போது மூலையில் ஒரு நியூஸ்பேப்பர் மெல்ல இறங்கியது. பின்னால், அதே உப்பளத்தில் தண்ணீர் இறைக்கும் மோட்டாரை ஓட்டும் ஏழுமலை அண்ணன்.

“அண்ணே, நீயுமா? கண்ணு ஆப்பரேசன்னு சொன்ன?” என்றாள் அக்கா.

“ஆமா. ரெண்டு வருசமா பண்ணிக்கினே இருக்கேன்!”

ஹாலே திரும்பிப் பார்க்கும்படி சிரித்தோம். முதலில் சிரிப்பை நிறுத்தியது அக்காதான்.

“மாத்திர போட்டப்புறம்தான் தூக்கம் வருது. ஆனா இன்னையோட வுட்றலாம்னு இருக்கேன். யாராச்சும் பாத்து சொல்லிட்டா? பைத்தியம்னு ஆயிடும். அப்புறம் அஞ்சல என் கூடைய தொடுவாளா?”

விஷயம் இதுதான். நிறைந்த உப்புக்கூடையைத் தானே தலையில் ஏற்றிக்கொள்ள முடியாது. எதிரே இன்னொருத்தி பிடித்துத் தூக்கிவிட வேண்டும். அக்காவுக்கு அஞ்சலை, அஞ்சலைக்கு அக்கா. ஜோடி போனால் வேலையும் போச்சு.

“ஏம்மா, நானும் மாத்திரதான் சாப்புடுறேன். என்னப் பாத்தா பைத்தியம் மாதிரியா இருக்குது?” என்றார் அண்ணன்.

“சாப்புடாதப்பதான் அப்பிடி இருந்த. மோட்டார்கிட்ட சண்ட போட்டது யாரு?”

எனக்கு ஒன்று உறைத்தது. என் குரூப்பில் ஒவ்வொரு தும்மலுக்கும் ஒரு பெயர். உப்பளத்திலோ தூக்கமின்மை, பயம், துக்கம் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே பெயர் — பைத்தியம். எந்தப் பக்கம் போனாலும் ஆளைக் காணோம், லேபிள்தான் நிற்கிறது!

உடனே லெக்சரை ஆரம்பித்தேன். “மறைக்கக் கூடாதுக்கா. இனிமே மூணு பேரும் சேர்ந்தே வருவோம், சொல்லிட்டே வருவோம்...”

அக்கா நிதானமாகக் கேட்டாள். “நீ வீட்ல என்னா சொல்லிட்டு வந்த?”

இன்ஸ்டாவில் ‘ஏடிஹெச்டி கேர்ள்’ என்று பயோ வைத்திருக்கும் நான் அம்மாவிடம் சொன்னது... கண் செக்கப்.

அண்ணன் சிரித்த சிரிப்பில் நர்ஸ் எழுந்து வந்துவிட்டார்.

அக்கா டாக்டரைப் பார்த்து, மாத்திரையையும் வாங்கிக்கொண்டாள். திரும்பும்போது மூவரும் ஒரே பஸ். அக்காவுக்குத் தெரிந்த கண்டக்டர். “என்னக்கா, கண்ணு எப்பிடி இருக்குது?”

அக்கா என்னைப் பார்த்தாள். ஜன்னலைப் பார்த்தாள்.

“கண்ணு நல்லாத்தான் இருக்குதுப்பா. தூக்கம் வர்ல, மனசு சரியில்ல. அதுக்கு டாக்டர பாத்துட்டு வர்றேன்.”

கண்டக்டர் விசிலை எடுத்தார், ஊதவில்லை. குனிந்து, குரலைத் தாழ்த்தினார். “எந்த எடம்க்கா? கிளியனூர்ல எங்க மச்சானுக்கும் இதே தொல்ல. ஊர்ல எல்லாருக்கும் கண்ணுன்னு சொல்லி வெச்சிருக்கோம்...”

ஏழுமலை அண்ணன் டவலால் வாயைப் பொத்திக்கொண்டார்.

நாளைக்கு அஞ்சலையிடம் அக்கா சொல்லப்போகிறாள். அம்மாவிடம் இன்றைக்கே நான். யாருக்கு அதிக தைரியம் வேண்டும், சொல்லுங்கள்? அக்கா ஓர் அஞ்சலையைத்தான் சமாளிக்க வேண்டும். எங்கள் வீட்டில் அம்மாவோடு மூன்று அத்தைகள்!