சோபாத் தூசியில் கழித்த திருஷ்டி

காரைக்குடி வீட்டில் எங்கள் சோபாவுக்கு வயது இருபது. தீப்பிடிக்காமல் இருக்க அதன் பஞ்சில் ஏதோ ரசாயனம் கலந்திருந்தார்கள். பஞ்சு உதிர உதிர அது வீட்டுத் தூசியில் சேரும், தவழும் பிள்ளைகளின் கைவழியே வாய்க்குள் போகும் என்று படித்த நாளிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. நாற்பத்தாறு வயதில் எனக்குப் பிறந்த மகள் அப்போதுதான் தவழத் தொடங்கியிருந்தாள். உலகத்தை நக்கிப் பார்த்துத்தான் நம்புவாள்.

சோபாவைத் தூக்கிப் போடலாம் என்றேன்.

“எங்க அண்ணன் குடுத்த சீரு அது. அதுல படுத்துத்தானே கவிதை எழுதுனீக? உங்களுக்கு ஒண்ணும் ஆகலையே” என்றாள் மனைவி.

“ஆகலைன்னு யாரு சொன்னா?”

அந்த வாரம் பிள்ளை சரியாகச் சாப்பிடவில்லை. மனைவி திருஷ்டி என்றாள். வந்துபோனவர்களின் காலடி மண்ணோடு மிளகாயும் உப்பும் சேர்த்துப் பிள்ளையைச் சுற்றித் தணலில் போடுவது எங்கள் பக்கத்து வழக்கம். மிளகாய் நெடியடிக்காவிட்டால் கண்பட்டது உறுதி. வந்தவர்கள் எல்லோரும் உட்கார்ந்தது சோபாவில்தானே என்று, மண்ணுக்குப் பதில் அதன் அடியிலிருந்து ஒரு பிடி தூசியை அள்ளினாள்.

“அத எரிக்காத, விஷம்!” என்று கத்தியபடி மகளைத் தூக்கிக்கொண்டு விலகினேன். அதற்குள் மனைவி, மிளகாய் உப்போடு சுற்றிய தூசியை முற்றத்துத் தணலில் கொட்டிவிட்டாள். பஞ்சுத்தூள் தணலை அப்படியே அமுக்கியது. மிளகாய் கருகவே இல்லை.

“பாத்தீகளா, எம்புட்டுக் கண்ணுன்னு! இந்தச் சோபா இனி வீட்டுல இருக்கக் கூடாது.”

இருபது வருடத்தில் அந்த ரசாயனம் ஒழுங்காக வேலை செய்த ஒரே நாள் அது. தரையை ஈரத்துணியால் துடைத்தால்தான் கண்ணேறு முழுசாகப் போகும் என்று மட்டும் சொல்லிவைத்தேன்.