தலைப்பில் விட்ட புள்ளி

வரிக்கு அடியில் ஸ்கேலை வைத்து, உதடு மட்டும் அசைய, கடைசிப் பக்கத்திலிருந்து முதல் பக்கத்தை நோக்கி வந்துகொண்டிருக்கிறார் ஒற்றக்கா. முன்னாலிருந்து படித்தால் விஷயம் ஆளை இழுத்துக்கொண்டு போய்விடுமாம், பிழை கண்ணில் படாதாம். "நான் படிக்கிறதில்லப்பா, பாக்குறேன். அவ்வளவுதான்" என்பார்.

பள்ளிப் பாடநூல்கள் அச்சிடும் அச்சகத்தில் இருபத்தெட்டு வருடமாகப் புரூஃப் பார்க்கிறவர். ஒற்று மிகுமா மிகாதா என்று சந்தேகம் வந்தால் எல்லோரும் அவரிடம்தான் ஓடுவார்கள். பெயர் அப்படி ஒட்டிக்கொண்டதுதான். மருந்துப் பெட்டி, பேருந்துப் பலகை என்று எதையும் சும்மா விடமாட்டார். "எங்க கல்யாணப் பத்திரிகையிலயே மூணு தப்பு கண்டுபிடிச்சா. நல்லவேளை, மாப்பிள்ளையயும் தப்புன்னு அடிக்காம விட்டுட்டா" என்பது அவர் கணவர் அலுக்காமல் சொல்லும் வேடிக்கை.

கொஞ்ச காலமாகக் கண் எரிகிறது. மதியத்துக்கு மேல் எழுத்துகள் எறும்பாக ஊர்கின்றன. யாரிடமும் மூச்சுவிடவில்லை. "நூறு தப்பு பிடிச்சா ஒருத்தருக்கும் தெரியாது. ஒண்ணு விட்டா ஊருக்கே தெரியும்" என்று மட்டும் நெற்றியைத் தேய்த்தபடி சொல்வார்.

வருடம் முழுக்க அவர் காத்திருப்பது வசந்த பஞ்சமிக்காக. அன்று கலைமகள் படத்தின் முன்னால் புத்தகத்தையும் பேனாவையும் வைத்துவிட்டால் மறுநாள் காலைவரை யாரும் தொடக்கூடாது. முதலாளி வீட்டு வழக்கம் அது. எல்லோருக்கும் அது பூசை. ஒற்றக்காவுக்குக் கண்ணை மூடிக்கொண்டு படுக்கக் கிடைக்கும் ஒரே நாள்.

இந்த வருடமும் பூசை முடிந்தது. தைத்து வந்த சூட்டோடு மூன்றாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகத்தைப் படத்தடியில் விரித்து வைத்திருந்தார்கள். கும்பிட்ட கை இறங்குமுன் தலைப்பு கண்ணில் பட்டது. 'கலவியின் சிறப்பு.' ல-வின் தலையில் புள்ளி இல்லை. கல்வியைப் பற்றிய பாடம், எட்டு வயதுப் பிள்ளைகளுக்கு, படுக்கையறைச் சமாச்சாரமாக நின்றது.

வேறு யாரும் கவனிக்கவில்லை. நாலாயிரம் பிரதிகள் கட்டுக் கட்டாகக் கிடந்தன. லாரி விடிந்ததும் வரும்.

ஒற்றக்கா உள்ளே போய்க் கடைசிப் புரூஃபை எடுத்துப் பார்த்தார். அங்கேயும் புள்ளி இல்லை. கீழே அவருடைய கையெழுத்து. அந்தத் தாளோடு மேனேஜரிடம் வந்தார்.

"சார், லாரிய நிறுத்துங்க. அந்தத் தலைப்பப் பாருங்க."

முதல் தடவை மேனேஜருக்கே தெரியவில்லை. இரண்டாம் தடவை முகம் வெளுத்துவிட்டது. "ஐயையோ! யார் பாத்த வேலை இது?"

கம்ப்யூட்டரில் பக்கம் அமைக்கும் பெண்ணுக்குக் கண் கலங்கிவிட்டது. "சார், நான்தான் டைப்..."

"நீ சும்மா இரும்மா" என்றார் ஒற்றக்கா. "அவ அடிச்சதப் பாக்கத்தானே நான் இருக்கேன்? இது நான் விட்டது. பெரிய எழுத்துதானேன்னு கண்ணு தாண்டிப் போயிருச்சு. கண்ணும் இப்ப முன்ன மாதிரி இல்ல சார்."

மறுபடி அச்சடிக்க நாளில்லை. ஒவ்வொரு பிரதியிலும் கையால் புள்ளி வைப்பதென்று முடிவானது. ஆனால் பேனாவெல்லாம் படத்தடியில் இருந்தது. மேனேஜர் தயங்கினார். "இன்னைக்குத் தொடலாமாக்கா?"

"தப்பக் காட்டிக் கொடுத்ததே அந்தக் கலைமகள்தான். கோவிச்சுக்க மாட்டா." ஒற்றக்கா குனிந்து முதல் பேனாவை எடுத்தார். அதன்பிறகுதான் மற்றவர்கள் கை நீண்டது.

பைண்டிங் பிரிவு, மெஷின்காரர், மேனேஜர் எல்லோரும் தரையில் உட்கார்ந்தார்கள். பக்கத்தைப் பிரி, புள்ளி வை, மூடு. விளக்குப் போடும் நேரத்துக்குக் கடைசிக் கட்டு முடிந்தது. ஒற்றக்காவால் உடனே எழுந்திருக்க முடியவில்லை. பக்கம் அமைக்கும் பெண் கைகொடுத்துத் தூக்கிவிட்டாள்.

மறுநாள் நாலாம் வகுப்புப் புரூஃப் வந்தது. வழக்கம்போலக் கடைசிப் பக்கத்திலிருந்து முதல் பக்கம்வரை பார்த்து முடித்து, அடியில் கையெழுத்துப் போட்டார். பிறகு அதற்குக் கீழே ஸ்கேலை வைத்து இன்னொரு கையெழுத்துக்கான கோடு இழுத்தார். அதை வெற்றாகவே விட்டு, தாள்களைப் பக்கம் அமைக்கும் பெண்ணின் மேசைக்கு நகர்த்தினார்.