‘செட்’டில் நின்ற பாயிண்ட்ஸ்மேன்

கல்கத்தா பக்கம் சாந்த்ராகாச்சியிலிருந்து ஹவுரா போகும் லோக்கல் ரயிலில் தினமும் என் எதிரே தண்டவாளம் மாற்றிவிடும் பாயிண்ட்ஸ்மேன் ஒருவர் உட்காருவார். நம்ம ஊர்க்காரர். படிய வாரிய எண்ணெய்த் தலை, மடியில் தடித்த இங்கிலீஷ் அகராதி. ரயில் கார்டு வேலைக்கான பரீட்சைக்கு முதல் எழுத்திலிருந்து வரிசையாகப் படித்துக்கொண்டு வந்தவர், ‘செட்’ என்ற சொல்லில் மூன்று மாதமாக நின்றுவிட்டார்.

“என்னண்ணே, இன்னும் சிக்னல் விழலையா?” என்று சீண்டினேன்.

“சிரிக்காத தம்பி. சூரியன் மறைஞ்சாலும் செட்டு, சிமெண்ட் இறுகினாலும் செட்டு, ரேடியோவும் செட்டு. பக்கம் பக்கமாப் போகுது. அதுல ஒரு அர்த்தம் லத்தீன்லேர்ந்து வந்ததாம், இன்னொண்ணு பழைய இங்கிலீஷாம். ஒரே வார்த்தைக்கு ரெண்டு பொறப்பு எப்படி?”

“விட்டுட்டு அடுத்ததுக்குப் போங்களேன்.”

“முன்னாடி போன வண்டி செக்‌ஷனைக் காலி பண்ணாம அடுத்த வண்டிய எப்படி விடறது?”

ஏழாவதோடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்ட நான் பேப்பரைப் பிரித்து சினிமாப் பக்கத்தைத் தேடினேன்.

பரீட்சை ஹவுராவில். அவருக்கு அதுதான் கடைசி வாய்ப்பு. பரீட்சையன்று காலை எல்லாரும் இறங்கிய பிறகும் அவர் மட்டும் அகராதியில் விரலை வைத்தபடி உட்கார்ந்திருந்தார்.

“அண்ணே, ஹவுரா வந்தாச்சு!” என்று கத்தினேன்.

நிமிர்ந்து என்னை நன்றாகப் பார்த்தார். மறுபடி குனிந்துகொண்டார். வண்டி அவரோடு சாந்த்ராகாச்சிக்கே திரும்பியது.

படிப்பில் மூழ்கிப்போனாரா, பயந்துபோனாரா? எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.