இரண்டாம் யூனிட்டில் எழுந்து நின்ற தேங்காய்

போர்வெல் ரிக் லாரியில் டிரில்லராக இருபத்தாறு வருடம் பூமியைத் துளைத்தவரின் மகன் நான். சாயில் மெக்கானிக்ஸில், அதாவது மண்ணைப் பற்றிய பாடத்தில், மூன்று முறை ஃபெயிலானேன். திருச்செங்கோட்டுப் பக்கம் அந்த வருடம் இதைவிடப் பெரிய நகைச்சுவை யாருக்கும் கிடைக்கவில்லை போலிருக்கிறது. டீக்கடைப் பக்கம் போனாலே யாராவது ஆரம்பித்துவிடுவார்கள்.

"ஏனப்பா, உங்கப்பன் ஓட்டை போடற மண்ணு வேற, உனக்குப் பரீட்சையில வர்ற மண்ணு வேறயா?"

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்துக்குள் போய் முழுசாக வெளியே வந்த முதல் ஆள் நான். சிவில் எஞ்சினியரிங்கும் படித்துவிட்டேன். மற்ற எல்லாப் பேப்பரும் தேறி, இது ஒன்றுதான் பாக்கி. கோயம்புத்தூரில் ஒரு கட்டுமான கம்பெனி எனக்கு வேலைக்கான கடிதம் கொடுத்திருந்தது. தை முடிவதற்குள் இந்தப் பேப்பரில் பாஸான மார்க் ஷீட்டைக் காட்ட வேண்டும். காட்டாவிட்டால், பொங்கல் முடிந்து சத்தீஸ்கருக்குக் கிளம்பும் ரிக்கில் அப்பாவுக்குப் பக்கத்து சீட். அப்பா மிரட்டவெல்லாம் இல்லை. ரிக் முதலாளியிடம் ஓர் இடம் சொல்லி வைத்திருந்தார், அவ்வளவுதான். அங்கே குளிர் அதிகம் என்று அம்மா எனக்கென்று ஒரு கம்பளி வாங்கி பீரோவில் மடித்து வைத்திருந்தாள். பீரோவைத் திறந்து அந்தக் கம்பளியைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வியர்த்துவிடும்.

மூன்றாவது முறை ஃபெயிலானதற்குக் காரணம் ஏ.ஐ.தான் என்று கொஞ்ச நாள் சொல்லித் திரிந்தேன். அது நியாயம் இல்லை. போனில் அதைத் திறந்து, "இந்தப் பாடத்தை எனக்கு எளிமையாக விளக்கு" என்பேன். அது விளக்கும். எவ்வளவு அழகாக விளக்கும் தெரியுமா? படிக்கப் படிக்கத் தலையாட்டுவேன். எல்லாம் புரிந்துவிட்டது என்று போனை வைத்துவிட்டுப் படுப்பேன். பரீட்சை ஹாலில் உட்கார்ந்தபோது, அது அழகாக விளக்கியது ஞாபகம் வந்தது. என்ன விளக்கியது என்பதுதான் வரவில்லை.

நான்காவது முறைக்குப் படிக்கும் விதத்தை மாற்றினேன். "நீ எதையும் சொல்லாதே, கேள்வி மட்டும் கேள். நான் பதில் சொன்ன பிறகு எங்கே தப்பு என்று சொல்" என்றேன். கேட்டது. ஆனால் நான் எதைச் சொன்னாலும் "மிக அருமையான முயற்சி!" என்றது. சோதித்துப் பார்க்க, மணலுக்கும் களிமண்ணுக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டதற்கு, "நிறம்" என்று மட்டும் சொன்னேன். "சிறப்பான தொடக்கம்!" என்றது. எனக்கே கூச்சமாகப் போய்விட்டது. கடைசியில் எங்கள் காலேஜில் இந்தப் பாடம் எடுத்த சாரைப் பற்றி ஒரு பக்கத்துக்கு எழுதி, அவர் மாதிரி நடந்துகொள்ளச் சொன்னேன். சாக்பீஸ் எறிவது தவிர மற்றதெல்லாம் அதற்கு உடனே பிடிபட்டுவிட்டது.

"தாங்கள் இந்தப் பகுதியைப் படிக்கவே இல்லை என்பது தெளிவாகத் தெரிகிறது" என்றது போன், சத்தமாக. "படிக்காமல் என் முன் வந்து உட்கார வெட்கமாக இல்லையா?"

சமையலறையில் இருந்த அம்மா கரண்டியோடு வந்துவிட்டாள்.

"யாருங்க அது? எம் பையன வெக்கமில்லையான்னு கேக்கறது?"

"அம்மா, அது ஆள் இல்லம்மா."

"நீ சும்மா இரு சாமி. ஏனுங்க வாத்தியாரே, அவன் காலையில இருந்து பச்சத்தண்ணி குடிக்காம உக்கோந்திருக்கறான். ஒரு வார்த்தை பதமாச் சொன்னா என்னங்க?"

போன் ஒரு விநாடி யோசித்தது. "மன்னிக்கவும் அம்மா. உங்கள் மகன் முதலில் சாப்பிட்டுவிட்டு வரட்டும்" என்றது.

அம்மா கரண்டியை இறக்கினாள். "நல்ல வளர்ப்பு" என்றாள். அன்றிலிருந்து அது எங்கள் வீட்டில் போன் வாத்தியார். நான் கட்டிலில் படுத்துக்கொண்டு அதனிடம் பேசினால் அம்மாவுக்குப் பிடிக்காது. எழுந்து உட்கார்ந்துதான் பேச வேண்டும்.

ரிக் அப்போது ஒர்க்‌ஷாப்பில் எஞ்சினைக் கழற்றிப் போட்டு நின்றுகொண்டிருந்ததால் அப்பாவும் வீட்டில்தான் இருந்தார். வாத்தியார் பேசுகிற இடத்தில் தோளில் துண்டு இருப்பது சரியில்லை என்று எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, கதவோரமாக நின்று கேட்பார். ஒருநாள், "களிமண்ணில் தண்ணீர் ஏன் மெதுவாகச் செல்கிறது?" என்று அது கேட்டது. நான் சூத்திரத்தை நினைவுபடுத்திக்கொண்டிருந்தபோது அப்பா முந்திக்கொண்டார்.

"அது கஞ்சப்பய மண்ணுங்க சார். பொடிப்பொடியா நெருக்கிட்டு நிக்கும், சந்து உடாது. குடிச்சது குடிச்சதுதான், லேசுல கக்காது."

"சரியான பதில். பத்துக்கு எட்டு" என்றது.

எனக்கு அன்று அதிகபட்சம் ஐந்து. மறுநாள் டீக்கடை முழுக்கச் செய்தி போய்விட்டது. அப்பாவே கொண்டுபோயிருந்தார். "பேசாம நீ ரிக்குக்குப் போயிரு, பரீட்சைக்கு நான் போறேன்" என்றார் என்னிடம். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனாலும் அம்மா பயந்துபோய்விட்டாள். படித்த மகனுக்கு ஐந்து, படிக்காத புருஷனுக்கு எட்டு என்றால் கம்பளியை வெளியே எடுக்க வேண்டியதுதான் என்று அவளுக்குத் தோன்றியிருக்க வேண்டும். அந்தப் பயத்தில்தான் அவள் பாயிண்ட் பார்க்கிறவரைக் கூட்டிவந்தாள்.

எங்கள் பக்கம் பாயிண்ட் பார்க்காமல் யாரும் போர் போடுவதில்லை. உள்ளங்கையில் தேங்காயைப் படுக்க வைத்துக்கொண்டு வயல்காட்டில் நடப்பார்கள். பூமிக்கடியில் தண்ணீர் ஓடுகிற இடம் வந்தால் தேங்காய் தானாக எழுந்து நிற்கும். அம்மாவுக்கு அண்ணன் முறையாகும் ஒருவர் இதில் பேர்போனவர். மொபெட்டில் தேங்காயோடு வந்து இறங்கி, "எங்கம்மிணி காடு?" என்றார்.

"காடு இல்லீங்கண்ணா. பையனோட நோட்ஸு. எதுல இருந்து கேள்வி வரும்னு பாக்கோணும்."

"பொஸ்தகத்துக்கெல்லாம் பாத்ததில்லீம்மிணி."

"முந்நூறு அடிக்குக் கீழ இருக்கறதச் சொல்றீங்க. அட்டைக்குக் கீழ இருக்கறதச் சொல்ல மாட்டீங்களா?"

அது அவருடைய தொழில் மானத்தைத் தொட்டுவிட்டது. ஐந்து யூனிட்டையும் தனித்தனியாக வாசலில் பரப்பி, காற்றில் பறக்காமல் ஒவ்வொன்றின் மேலும் ஒரு கல் வைத்தோம். நான் வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தேன். சொல்லிக்கொண்டேதான் நான்காவது கல்லையும் வைத்தேன். மாமா செருப்பைக் கழற்றிவிட்டு, கிழக்கு முகமாக நடக்க ஆரம்பித்தார். முதல் யூனிட்டில் தேங்காய் அசையவில்லை. இரண்டாவதன் பக்கத்தில் கால் வைத்ததும் சட்டென்று எழுந்து நின்றது.

"இங்கதான். நல்ல ஊத்து" என்றார்.

"அதுல என்னடா இருக்குது?" என்றார் அப்பா.

கல்லை எடுத்துவிட்டு அட்டையை இன்னொரு முறை படித்தேன். "மண்ணுக்குள்ள தண்ணி ஓடறது" என்றேன்.

உண்மையிலேயே அதுதான் அந்த யூனிட். மாமாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அம்மா உள்ளே ஓடிப்போய் மஞ்சளும் குங்குமமும் எடுத்துவந்து நோட்ஸுக்கு வைத்தாள்.

"எத்தன அடி மச்சான்?" அப்பா பழக்கதோஷத்தில் கேட்டுவிட்டார்.

"நூத்தி எம்பது."

நூற்று எண்பதாம் பக்கத்தைத் தேடினோம். மொத்த நோட்ஸே நூற்று நாற்பத்திரண்டு பக்கம்தான். "அப்ப இன்னும் கொஞ்சம் கீழ போகோணும்" என்று சொல்லிவிட்டு மாமா காபி குடித்தார்.

சிரிப்பு அத்தோடு நின்றது. பாயிண்ட் வைத்துப் பூஜையும் போட்ட பிறகு வேறு இடத்தில் துளை போடக் கூடாது என்பது எங்கள் வழக்கம். பரீட்சைக்கு இன்னும் இருபது நாள்தான் இருந்தது. இரண்டாம் யூனிட் தவிர வேறு எதையும் நான் தொடக் கூடாது என்றாள் அம்மா. மற்ற நான்கையும் கட்டி பீரோவில், கம்பளிக்கு மேலேயே வைத்துவிட்டாள். அப்பாவிடம் போனால், "பாயிண்ட்ட மாத்துனா நான் பொறுப்பில்லீப்பா" என்றார். ஒரு யூனிட்டை வைத்துக்கொண்டு பாஸாக முடியாது என்பது தேங்காய்க்குத் தெரியாது, எனக்குத் தெரியும்.

வேறு வழியில்லாமல் போன் வாத்தியாரிடமே நடந்ததைச் சொன்னேன். தேங்காய் எழுந்து நிற்பதற்கு அறிவியல் ஆதாரம் இல்லை என்று முதலில் பெரிதாகப் பாடம் எடுத்தது. பிறகு நான் எதிர்பார்க்காத ஒரு கேள்வி கேட்டது. "மற்ற நான்கு யூனிட்டுகளில் தண்ணீர் எங்கெல்லாம் வருகிறது?"

யோசித்தேன். மண்ணை இறுக்க எவ்வளவு ஈரம் வேண்டும் என்பது முதல் யூனிட். களிமண்ணிலிருந்து தண்ணீர் மெல்ல மெல்ல வெளியேறுவதால் கட்டடம் இறங்குகிறது, அது மூன்றாவது. துளைகளில் தண்ணீரின் அழுத்தம் ஏறினால் மண்ணின் பிடி தளர்கிறது, நான்காவது. மழையில் ஊறிய சரிவு ஏன் சரிகிறது, ஐந்தாவது. இரண்டரை வருடமாக ஐந்து தனித்தனிக் கட்டாக மனப்பாடம் செய்த பாடம் முழுக்க ஒரே தண்ணீர்தான் ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. கட்டிலிலிருந்து எழுந்து நின்றுவிட்டேன்.

அதற்குப் பிறகு தினமும் இரண்டாம் யூனிட்டில் ஆரம்பித்து, அங்கிருந்து கேள்விகள் மற்ற யூனிட்டுகளுக்குள் போயின. நோட்ஸைப் பார்க்க முடியாது என்பதால் எல்லாவற்றையும் நானே நினைவிலிருந்து தோண்டி எடுக்க வேண்டியிருந்தது. தப்பாகச் சொன்னால் திட்டு. முந்தாநாள் தப்பாகச் சொன்னதை இன்று மறுபடியும் கேட்கும். "என்ன படிக்கறே சாமி?" என்று அம்மா எட்டிப் பார்ப்பாள். "தண்ணிதாம்மா" என்பேன். பொய் இல்லை. அப்பா தொடர்ந்து என்னை ஜெயித்துக்கொண்டிருந்தார், கணக்கு வரும் வரை. கணக்கு வந்ததும் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விடுவார். பரீட்சைக்கு மூன்று நாள் முன்பு கணக்கில்லாத கேள்வியிலும் எனக்கு எட்டு வந்தது. அவருக்கு ஏழு. "வாத்தியாருக்கு இன்னைக்கு மேலுக்குச் சரியில்ல போல" என்றார்.

பரீட்சையில் பெரிய கேள்வி, மழைக்குப் பிறகு சரியும் சரிவைப் பற்றி, ஐந்தாம் யூனிட்டிலிருந்து. கை வலிக்க எழுதினேன். கேட்டுக்கு வெளியே வந்ததும் அம்மா போன் பண்ணினாள்.

"பாயிண்ட்டுல இருந்துதானே வந்துச்சு?"

"எல்லாமே தண்ணிதாம்மா" என்றேன்.

பொங்கலுக்கு முந்திய வாரம் ரிசல்ட். ஐம்பத்தெட்டு. பாஸ். மாமா அன்றைக்கே அதே தேங்காயோடு மொபெட்டில் வந்துவிட்டார். அம்மா அந்தத் தேங்காயைப் பிள்ளையாருக்கு உடைத்துவிடலாம் என்றதும் பதறிப்போய், "இது படிச்ச தேங்காயம்மிணி, உடைக்கக் கூடாது" என்று பையில் போட்டுக்கொண்டார். இப்போது பரீட்சை மாதங்களில் அவர் வீட்டு வாசலில் நோட்ஸும் கல்லுமாகப் பிள்ளைகள் நிற்பதாகக் கேள்வி. எனக்கு அதில் கொஞ்சம் குற்ற உணர்ச்சி உண்டு. இரண்டு பேரைப் பிடித்து நடந்ததைச் சொன்னேன். ஐந்து யூனிட்டும் படிக்க வேண்டும் என்றதும் அவர்களுக்கு ஆர்வம் போய்விட்டது.

ரிக் கிளம்பிய அன்று அப்பாவுக்குப் பக்கத்து சீட்டில் அந்தக் கம்பளி மட்டும் போயிற்று. நான் கோயம்புத்தூர் போய்ச் சேர்ந்த மூன்றாம் நாள், சத்தீஸ்கரிலிருந்து அப்பாவின் போன் வந்தது. தன் போனிலும் வாத்தியாரைப் போட்டுவிட்டாராம். குரல் கவலையாக இருந்தது.

"ஏன்டா, இது எதச் சொன்னாலும் அருமை அருமைங்குதே. உனக்குத் திட்டுமே, அந்த வாத்தியார எப்படிடா கூப்புடறது?"