புதுப்பெட்டிக்கு முதல் பொட்டு

கல்லூரியின் கம்ப்யூட்டர் லேபுக்கு நான்தான் பொறுப்பு. வேலைக்கு ஆள் எடுக்க ஒரு கம்பெனி முதன்முறையாக எங்களிடம் வந்திருந்தது. பெரியகுளம் தாண்டி அப்படி யாரும் வருவதில்லை. பத்தரைக்குக் கணினியில் தேர்வு. நாற்பத்தெட்டுப் பேர், பாதிப்பேர் இரவல் ஷூவில், வராந்தாவில் நின்றார்கள்.

கணினிகளை இணைக்கும் ஸ்விட்ச் பெட்டியில் இருபத்து நாலுக்குத்தான் இடம். அதன்மேல் புதிதாக ஒன்றை அடுக்கி, பின்பக்கம் தடித்த கேபிளால் இரண்டையும் கோத்தேன். கோத்தபின் எதற்கு முதலில் மின்சாரம் போடுகிறோமோ அது தலைவன். மற்றது தன் புத்தியைக் கழற்றி வைத்துவிட்டு அது சொல்வதைக் கேட்கும். இதைப் புத்தகத்தில் சிவப்பு மையால் அடிக்கோடிட்டவன் நான்.

லேப் உதவியாளர் அக்கா சந்தனக் கிண்ணத்தோடு வந்தார்.

"நல்ல நேரம் முடியப்போகுது சார். மொதப் பொட்டு புதுசுக்குத்தேன். அத மொத போடுங்க."

"பழசத்தான்க்கா மொத போடணும்."

"பிரிண்டருக்கும் பூச வேணாம்னீக. அந்தா ரிப்பேராகி மூலையில கெடக்கு."

மறுக்க முடியாத வாதம். புதியதைப் போட்டேன். ஒன்றும் அறியாத அது தலைவனானது. ஆறு மாதமாகப் பழையதற்கு நான் சொல்லிவைத்த வழிகளெல்லாம் போயின. பச்சை விளக்குகளின் அழகில் மயங்கி, அந்த வெறுமையையே இரண்டு பெட்டியிலும் சேமிக்கவும் செய்தேன். என் ரேஷன் கார்டுக்கு மூன்று நகல் உண்டு; இந்த வழிகளுக்கு ஒன்றுமில்லை.

எந்தக் கணினியிலும் கேள்வித்தாள் திறக்கவில்லை.

முதல்வர் வந்தார். "ரெண்டு மணிக்கு அவுக கெளம்பிருவாக. முடியுமா, முடியாதா?"

"முடியும் சார்" என்றது என் வாய். அது என்னைக் கேட்டுப் பேசும் வழக்கமில்லை.

புதியதைக் கழற்றி, பழையதற்கு நினைவிலிருந்து ஒவ்வொரு வரியாக அடித்தேன். ஒரு வரியை நாலு தடவை. பதினொன்றே முக்காலுக்கு இருபத்து நாலு கணினி உயிர்பெற்றன. முதல் பாதிப்பேர் எழுதி முடித்தார்கள். அடுத்த பாதிக்கு இணைப்பு இரண்டு முறை அறுந்தது. எங்கோ ஒரு வரி தவறு.

இரண்டாம் பாதியில் எழுதி வெளியே வந்த ராயப்பன்பட்டி மாணவி ஒருத்தி என்னை மறித்தாள். "பத்து நிமிசம் போச்சு சார். எங்களுக்கு எழுதத் தெரியலன்னு கம்பெனிக்காரவுக நெனப்பாக. நீங்க அவுககிட்ட சொல்வீகளா?"

கம்பெனி அதிகாரி பையை மூடிக்கொண்டிருந்தார். முதல்வர் பக்கத்திலேயே நின்றார்.

"லைன் ரெண்டு தடவ அறுந்துச்சு, தப்பு என்னுது சார். பிள்ளைகளோடது இல்ல" என்றேன் அதிகாரியிடம்.

அதிகாரி கடிகாரத்தைப் பார்த்தார். "பத்து நிமிஷம். அதுக்கு மேல ஒரு நொடி கிடையாது."

இரண்டாம் பாதி மாணவர்கள் மறுபடி உட்கார்ந்தார்கள். முதல்வர் என்னை நாளை அறைக்கு வரச் சொன்னார். தலையாட்டினேன், கண் ஸ்விட்ச் பெட்டியை விட்டு நகரவில்லை.