மூக்கு வண்டிக்காரர்

அவரை எல்லோரும் மூக்கு வண்டிக்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். இன்ஜின் முன்னால் மூக்கு மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும் பழைய லாரி ஒன்று அவரிடம் இருந்தது. அந்த மாடலைக் கம்பெனி நிறுத்தியே நாற்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. நடுவில் பத்தொன்பது வருஷம் அவர் ஓட்டுவதை விட்டிருந்தார். பெயர் மட்டும் போகவில்லை.

அவராக விட்டதில்லை. ஒரு முறை மஞ்சள் காமாலை வந்து இரண்டு வாரம் படுத்துக் கிடந்தார். எழுந்து போய்ச் சாவியைத் திருப்பினால் ‘டக்’ என்று ஒரே சத்தம், அவ்வளவுதான். முன்னால் கைப்பிடியைப் போட்டுச் சுற்றியும் பார்த்தார். இன்ஜின் அசையவே இல்லை. மெக்கானிக் மச்சினனை வரச்சொன்னார். மனைவிக்குக் கூடப்பிறந்த தம்பி. அந்தப் பக்கத்தில் டீசல் இன்ஜின் என்றால் அவன்தான். அரை நாள் வண்டிக்கடியில் கிடந்துவிட்டுக் கையைத் துடைத்தபடி வந்தான்.

“இன்ஜின் உள்ளுக்குள்ள பிடிச்சு இறுகிடுச்சு மாமா. பிளாக்கே விரிசல் விட்டிருக்கும்போல. இதுல கை வச்சா கையைச் சுட்டுக்குவீங்க.”

மச்சினன் சொன்னால் அதற்கு மேல் அவருக்குப் பேச்சில்லை. வண்டியை வீட்டையொட்டிய தகரக் கொட்டகைக்குள் தள்ளி நிறுத்தினார்கள். அந்த வாரம் முழுக்க அவருக்குச் சோறு இறங்கவில்லை. ஒரு மத்தியானம் மனைவி பக்கத்தில் வந்து உட்கார்ந்ததும் அவள் மடியில் விழுந்து சின்னப் பிள்ளை மாதிரி அழுதுவிட்டார். அவள் முதுகைத் தடவிக் கொடுத்தாள். “உடம்பு தேறி வந்தீங்களே, அது போதும். வண்டி போனா போகட்டும்” என்றாள்.

பிறகு எடை மேடையில் வேலை கிடைத்தது. ஊருக்கு வெளியே, கண்ணாடி ஜன்னல் வைத்த சின்ன அறை. லோடு லாரி மேடையில் ஏறி நிற்கும். அவர் எண்ணைப் பார்த்துச் சீட்டு எழுதிக் கொடுப்பார். பத்தொன்பது வருஷம் அடுத்தவன் வண்டியின் எடையை எழுதினார். வருகிற சத்தத்தை வைத்தே எதற்கு வால்வு தட்டுகிறது, எதற்கு கிளட்ச் தேய்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவார். டிரைவர்கள் ஜன்னலோரம் நின்று கேட்டுக்கொண்டு போவார்கள். அவர்கள் போன பிறகு மேடை கொஞ்ச நேரம் ஆடிக்கொண்டிருக்கும். அது நிற்கும்வரை பார்த்துக்கொண்டிருப்பார்.

அறுபது வயதில் வேலையை விட்டு நின்றார். நின்ற மூன்றாம் நாளே கொட்டகையைத் திறந்தார். செய்தி கேட்டு மச்சினன் வந்தான்.

“இனி இதுல என்ன மாமா இருக்கு? பழைய இரும்புக்குப் போட்டுடுங்க.”

“போடத்தானே போறேன். அதுக்கு முன்னாடி உள்ள என்ன ஆச்சுன்னு ஒரு தடவை பார்த்துடறேன் மாப்ள.”

இன்ஜெக்டர்களைக் கழற்றி, ஆறு துளைகளிலும் டீசலும் கியர் ஆயிலும் கலந்து ஊற்றிப் பத்து நாள் ஊற வைத்தார். ஒன்றும் நடக்கவில்லை. இன்ஜினின் மேல்மூடியான ஹெட்டைக் கழற்றினார். டார்ச் அடித்து, விரலால் தடவித் தடவி விரிசல் தேடினார். முடியளவுகூட இல்லை. மச்சினன் கணிப்புத் தவறிவிட்டது, அவனும் மனுஷன்தானே, மனம் நோகாமல் பக்குவமாகச் சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டார்.

இரண்டு சிலிண்டரில் நல்ல துரு. உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, மறுபடி எண்ணெய் விட்டு, பிஸ்டன் மேல் மரக்கட்டையை வைத்துச் சுத்தியலால் மெதுவாகத் தட்டினார். வேகமாக அடித்தால் பிஸ்டன் உடையும். முன்பக்க நட்டில் ஸ்பேனரை மாட்டி, அதில் நீளமான குழாயைச் சொருகி, இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் கொஞ்சம் என்று காலையும் சாயங்காலமும் அசைத்துக்கொண்டே இருந்தார். ஒரு நாள் விரலகலம் நகர்ந்தது. மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினார். கரண்டியும் கையுமாக வந்து நின்றவள், “ம்” என்றாள். அடுப்பில் வேலை இருக்கிறது என்று உள்ளே போய்விட்டாள்.

பிஸ்டன்கள் ஆறும் விட்டுக்கொடுத்த பிறகுதான் சந்தேகம் வந்தது. ஒரு பக்கம் திருப்பினால் போகிறது. மறுபக்கம் திருப்பினால் ஒரே இடத்தில் முட்டி நிற்கிறது. துரு என்றால் இழுத்துப் பிடிக்கும். இது இரும்பில் இரும்பு இடிக்கிற முட்டு.

அடியில் படுத்து, இன்ஜினோடு சுழலும் பல் சக்கரமான பிளைவீலை மூடியிருந்த சின்னத் தகட்டைப் பார்த்தார். ஸ்குரு தளராமலிருக்க மெல்லிய கம்பி கட்டியிருந்தது. கம்பியின் முறுக்கு இடப்பக்கமாக ஓடியது. இடக்கைக்காரன் முறுக்கு. மச்சினன் இடக்கைக்காரன். தகட்டைக் கழற்றினார். பிளைவீலின் பல்லுக்கும் வெளிக்கூட்டுக்கும் நடுவே ஒரு போல்ட் இறுக்கியிருந்தது. முனையை ஆப்பு மாதிரி சாணை பிடித்திருந்தார்கள். பல் பழுதாகக்கூடாதென்று கிரீஸ் தோய்த்த துணியைச் சுற்றியிருந்தார்கள்.

வெகுநேரம் வண்டிக்கடியிலேயே படுத்திருந்தார்.

பட்டறையில் மச்சினன் ஏதோ பம்பைப் பிரித்துக்கொண்டிருந்தான். அவன் முன்னால் போல்ட்டை வைத்தார். அவன் ஸ்டூலை இழுத்துப் போட்டான். அவர் உட்காரவில்லை.

“நீங்க படுத்திருந்தப்ப, ஒரு மாசம் வண்டி நின்னா போதும்னு அக்கா சொன்னா மாமா.”

“எந்த மாசம்?”

“எடுத்துடலாம்னுதான் இருந்தேன். அதுக்குள்ள நீங்க எடை மேடைக்குப் போயிட்டீங்க. அக்கா இப்படியே இருக்கட்டும்னா. அப்புறம் ரெண்டு மழைக்காலம் போச்சு. துருப்பிடிச்சு, நான் சொன்ன பொய் நிஜமாவே ஆயிடுச்சு. எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டுச் சொல்றது?”

“என் வீட்டுல வாரா வாரம் சாப்பிட்ட அதே மூஞ்சியை வச்சுக்கிட்டுச் சொல்லியிருக்கலாம்.”

வீட்டில் மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள். அவர் கேட்பதற்கு முன்பே தெரிந்துகொண்டாள். தம்பி போன் பண்ணியிருப்பான்.

“காமாலை வர்றதுக்கு முந்தின மாசம் நீங்க ஸ்டீயரிங்ல தூங்கினீங்க. வண்டி பள்ளத்துல இறங்கிச்சு. கூட வந்த நம்ம பொண்ணு தாடையில ஏழு தையல். மறுநாளே மூணு நாள் ட்ரிப் கிளம்பிட்டீங்க.”

“என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்ல?”

“சொன்னேன். மூணு தடவை சொன்னேன். சிரிச்சீங்க.”

சொல்லியிருப்பாள். சிரித்திருப்பார். அவருக்கு ஞாபகமில்லை. அவள் பக்கம் நியாயம் இருந்தது அவருக்குப் புரியாமல் இல்லை. ஆனால் வேறொன்று முள்ளாகக் குத்தியது.

“நான் உன் மடியில விழுந்து அழுதேனே. முதுகைத் தடவிக் கொடுத்தியே. அப்ப அந்த போல்ட் உள்ளதான் இருந்துச்சு.”

அவள் மடித்த சட்டையைப் பிரித்து, மறுபடி மடித்தாள்.

மகள் வெளியூரில் இருந்தாள். இரண்டு நாள் கழித்துப் போனில் வந்தாள். “பாவம்ப்பா மாமா. ஒரு தடவை பேசிடுங்க” என்றாள்.

“உனக்கு எப்போ தெரியும்?” என்றார் அவர்.

“காலேஜ் சேர்ந்த வருஷம் அம்மா சொன்னாங்க” என்றாள். அவர் போனை வைத்தார்.

மீதி வேலையை வேறு ஊர் மெக்கானிக்கை வைத்து முடித்தார். புது ரிங், புது கேஸ்கெட், டயர் ஆறும் மாற்றினார். இன்ஜின் கரும்புகை கக்கி, இரண்டு தடவை இருமி, மூன்றாவதில் பிடித்துக்கொண்டது. கொட்டகைத் தகரமெல்லாம் அதிர்ந்தது. இவ்வளவு காலம் காத்திருந்த சத்தம். ஆனால் ‘பாரு’ என்று கூப்பிட அவருக்கு ஒருவரும் தோன்றவில்லை. சத்தம் கேட்டு மனைவி வாசலில் வந்து நின்றாள். அவர் இன்ஜினையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கண் பரிசோதனை செய்து லைசென்ஸைப் புதுப்பித்துக்கொண்டார். இப்போது பகலில் மட்டும், பக்கத்து ஊர்களுக்குக் குழாயும் சிமென்டும் ஏற்றிப் போகிறார். கண் சொருகினால் ஓரங்கட்டித் தூங்கிவிட்டுத்தான் எடுப்பார். வீட்டில் சண்டையில்லை. அவள் பரிமாறுகிறாள், அவர் சாப்பிடுகிறார். உப்புக் குறைந்தால்கூடச் சொல்வதில்லை. மச்சினன் வந்தால் இவர் எழுந்து கடைக்குப் போய்விடுவார்.

மூக்கு மூடிக்கு ஒரு பூட்டு, கொட்டகைக் கதவுக்கு ஒரு பூட்டு வாங்கி மாட்டியிருக்கிறார். இரண்டு சாவியும் எப்போதும் அவர் சட்டைப் பையில்தான். துவைக்க எடுக்கும்போது அவள் பையில் கைவிட்டுச் சாவிகளை எடுத்து அவருக்கு முன்னால் வைப்பாள். அவர் எடுத்து, போட்டிருக்கிற சட்டையின் பையில் போட்டுக்கொள்வார்.